ஜெர்ரி ரைஸைப் பார்க்கப் போட்ட சந்தா: பணம் முழுசாகப் போகிறது, ஆள் பாதிதான் தெரிகிறார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தச் சேவையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரே மாதத்துக்கு ரெண்டு தடவை என் கார்டில் பணம் எடுத்துவிட்டார்கள், அதைத் திரும்ப வாங்க நடக்கும் கடிதப் போக்குவரத்து இன்னும் முடியவில்லை, முடிகிறவரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு என்று வீட்டில் உத்தரவு. பழைய அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களை, எண்பதுகளில் தொண்ணூறுகளில் டிவியில் வந்தபடியே, முழுசாகப் போட்டுக் காட்டும் ஒரு சந்தாச் சேவை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியது ஒரே காரணத்துக்காக. சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியில் பேர் எடுத்த ரிசீவர், அதாவது எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர், ஜெர்ரி ரைஸ் ஆடியதை ஆரம்பத்திலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும். 1985 முதல் 2004 வரை 20 சீசன், 303 ஆட்டம், 1,549 பந்து பிடித்திருக்கிறார், 22,895 யார்டு. அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் 17 சீசன் ஆடி 17,492. நடுவில் ஐயாயிரத்து நானூறு யார்டு பள்ளம். ஒரு சீசனுக்கு ஆயிரம் யார்டு எடுத்தாலே நல்ல ரிசீவர் என்பார்கள். அப்படி ஐந்து நல்ல சீசனைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் கொட்டினாலும் நிரம்பாது. இந்த எண்ணெல்லாம் எனக்கு மனப்பாடம், ஆளைத்தான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. டச்டவுன்களை (பந்தை எதிரணியின் கடைசிப் பகுதிக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) மட்டும் வெட்டி ஒட்டிப் பின்னால் டமால் டுமீல் என்று இசை போட்ட வீடியோக்கள் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சேவையைப் பற்றி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரெண்டு வடிவம் வைத்திருக்கிறார்கள். ஒன்று முழு ஒளிபரப்பு, விளம்பரம் மட்டும் நீக்கியது. இன்னொன்று சுருக்கம், நாற்பது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும், பந்து நகரும் விநாடிகள் மட்டும் இருக்கும். சுருக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன், இந்த விமர்சனமே அதைப் பற்றித்தான்.

தேடுகிற வசதி மோசம். ஆட்டக்காரர் பெயரைப் போட்டால் மூன்று நிமிஷத் துண்டுகள்தான் முதல் ரெண்டு பக்கத்துக்கு வருகின்றன. அணி, வருஷம், வாரம் என்று நாமே உள்ளே போய்த் தோண்ட வேண்டும். தோண்டினால் அங்கே இன்னொரு கூத்து. ஆட்டத்தின் படத்துக்குக் கீழேயே கொட்டை எழுத்தில் யார் ஜெயித்தார்கள் என்று ஸ்கோர் போட்டிருக்கிறார்கள். முப்பது நாப்பது வருஷத்துக்கு முன் முடிந்த ஆட்டம்தானே என்று நினைத்திருப்பார்கள் போல, ஆனால் எனக்கு அது புது ஆட்டம் அய்யா. ஸ்கோரை மறைக்க ஒரு பொத்தான் வைத்தால் என்ன கேடு?

அப்புறம் 1987. அந்த சீசனில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், மூன்று வாரம் மாற்று ஆட்களை வைத்து அணிகள் ஆடின. இதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரி கிடையாது. சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அக்டோபரில் ஆடிய ஒரு ஆட்டத்தைப் போட்டு, 80ஆம் எண் சட்டையைத் தேடித் தேடி அரை மணி நேரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். பந்தை எறியும் குவாட்டர்பேக் ஜோ மொன்டானா இருக்கிறார், எறிகிறார், ரைஸ் மட்டும் இல்லை. மொன்டானா மறியலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார், ரைஸ் வரவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஆக அந்த சீசனில் ரைஸ் ஆடியது மொத்தம் 12 ஆட்டம். அந்தப் பன்னிரண்டில் பிடித்த டச்டவுன் 22. இருபது வருஷம் கழித்து 2007இல் ராண்டி மோஸ் 23 பிடித்து அதை முறியடித்தார், அவருக்கு 16 ஆட்டம் தேவைப்பட்டது. இதெல்லாம் செய்தும் அசோசியேட்டட் பிரஸ் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் (எம்விபி) விருதை குவாட்டர்பேக் ஜான் எல்வேக்குக் கொடுத்தது. குவாட்டர்பேக்குக்குத்தான் மாலை, எப்போதுமே.

படத்தின் தரம் பற்றி ஒரு வார்த்தை. 1985, 86 ஆட்டங்கள் நாடாவிலிருந்து எடுத்தவை, வண்ணம் ஓரத்தில் ஒழுகுகிறது, தூரத்தில் நிற்கிறவர் முதுகில் இருப்பது 80ஆ 85ஆ என்று சத்தியம் செய்ய முடியாது. பின்னால் ஜான் டெய்லர் 82ஆம் எண்ணோடு வந்து சேர்ந்த பிறகு இன்னும் குழப்பம். கொஞ்ச நாளில் எண்ணைப் பார்க்காமல் ஓட்டத்தை வைத்தே அடையாளம் தெரிய ஆரம்பித்துவிடும். ரைஸ் ஓடும்போது தலை ஆடாது. தொண்ணூறுக்கு மேல் படம் தெளிகிறது, 94க்குப் பிறகு குறை சொல்ல எதுவும் இல்லை.

முதல் சீசனை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து வந்தவர். அங்கே கடைசி வருஷம், 1984இல், 27 டச்டவுன். இருந்தாலும் ஆள் வேகமில்லை, நாற்பது யார்டு ஓட்டத்தில் கடிகாரம் பிரமாதமாக ஒன்றும் காட்டவில்லை, எதிர்த்து ஆடிய கல்லூரிகளும் சின்னவை என்று அணிகள் தயங்கின. ஃபார்ட்டிநைனர்ஸ் பயிற்சியாளர் பில் வால்ஷ் ஹூஸ்டனில் ஆட்டத்துக்கு முந்தைய இரவு ஓட்டல் அறை டிவியில் இவரைப் பார்த்துவிட்டு மனதில் குறித்துக்கொண்டார். 1985 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) நியூ இங்கிலாந்தோடு பேரம் பேசி மேலே ஏறி 16ஆவது இடத்தில் எடுத்தார். அதற்கு முன்பே ரெண்டு ரிசீவர்கள் போய்விட்டிருந்தார்கள், அல் டூன், எடி பிரவுன். அப்பா கொத்தனார், கோடையில் அண்ணன் தம்பிகள் கீழேயிருந்து தூக்கி எறியும் செங்கல்லை மேலே நின்று பிடித்துப் பழகிய கை என்று எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அந்தக் கை முதல் சில மாதம் பந்தைக் கோட்டை விட்டுக்கொண்டே இருந்தது. சொந்த மைதானத்திலேயே கூச்சல். இது எந்தத் தொகுப்பு வீடியோவிலும் வராது, இந்தச் சேவையில் வருகிறது, இதற்காகவே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். வெட்டாத படத்தில், பந்தை விட்டுவிட்டுத் திரும்பி வரும் 23 வயசுப் பையனின் முகத்தைப் பார்க்கலாம், கேமரா இரக்கமே இல்லாமல் அங்கேயே நிற்கும். பிறகு டிசம்பர் 9, திங்கள் இரவு, ராம்ஸோடு ஆட்டம்: 10 பந்து, 241 யார்டு. அணி தோற்றது. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கூச்சல் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வைட் ரிசீவரின் வேலை பந்து வந்த பிறகு நடப்பது இல்லை. ஓரத்தில் போய் நிற்கிறார், எதிரில் அவரைத் தடுக்கும் கார்னர்பேக் நிற்கிறார், பந்து எடுபட்டதும் ரெண்டரை விநாடி, மூன்று விநாடி, அந்த நேரத்துக்குள் அந்த ஆளை ஏமாற்றி ஒரு கை நீளத்துக்கு இடம் உண்டாக்க வேண்டும். அது முடிந்த பிறகு வரும் பிடிப்பும் ஓட்டமும்தான் நமக்குத் தெரிவது. ரைஸ் மற்றவர்களை விட வேகமாக ஓடி ஜெயித்தவர் இல்லை. எந்த ரூட் (ஓட்டப் பாதை) ஓடினாலும் முதல் மூன்று நான்கு அடி ஒரே மாதிரி இருக்கும், ஒரே வேகம், ஒரே தோள் சாய்வு, நேராக மேலே ஓடப்போகிறாரா, சட்டென்று உள்ளே வெட்டப்போகிறாரா என்று எதிரில் நிற்பவருக்குக் கடைசி நொடி வரை தெரியாது. தெரியும்போது அவருடைய இடுப்பு தப்பான பக்கம் திரும்பியிருக்கும். இதைத்தான் நான் காசு கொடுத்துப் பார்க்க வந்தேன்.

டிவி கேமரா என்ன செய்கிறது? பந்து எடுபட்டதும் குவாட்டர்பேக்கைப் பிடித்துக்கொள்கிறது. ரிசீவர் ரெண்டு அடி வைத்ததும் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறார். மொன்டானா பின்வாங்குகிறார், பார்க்கிறார், எறிகிறார், கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிறது, போய்ச் சேரும்போது ரைஸ் தனியாக நிற்கிறார், பக்கத்தில் ஆளே இல்லை. எப்படித் தனியானார்? அதைக் காட்ட மாட்டார்கள். சமையல் நிகழ்ச்சியில் வெட்டி வதக்குவது எதையும் காட்டாமல் நேராக இலையில் பரிமாறிய மாதிரி. சீசன் சீசனாக இப்படியே, தனியாக நிற்கும் ஒரு மனிதரை நோக்கிப் பந்து போய்க்கொண்டே இருக்கிறது, பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும், எதிரணிக்காரன் எல்லாம் முட்டாள் என்று தோன்றும்.

22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த படம் ஒன்று அணிகளுக்கென்று எப்போதும் உண்டு, பயிற்சியாளர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். அதை என்எஃப்எல் (இந்த ஆட்டத்தை நடத்தும் லீக்) ரசிகர்களுக்கு விற்க ஆரம்பித்ததே 2012இல். ரைஸ் ஓய்வு பெற்றது 2005இல். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது, கூடவே அந்த ரெண்டாவது தடவை எடுத்த பணத்துக்கான ரசீதும்.

இங்கேதான் முழு ஒளிபரப்பு கைகொடுக்கிறது. ஒரு தடவை பந்து நின்று அடுத்த தடவை எடுபடும் வரை இருக்கும் அந்த முப்பது விநாடியில் மறு ஒளிபரப்பு போடுவார்கள், சில சமயம் எண்ட் சோனுக்கு (டச்டவுன் எடுக்கும் அந்தக் கடைசிப் பகுதி) பின்னாலிருந்து, சில சமயம் ஓரத்துக் கேமராவில் ரைஸை மட்டும் தனியாக. ஜான் மேடனும் பேட் சம்மராலும் வர்ணனை செய்யும் ஆட்டங்களில் இது நிறைய, மேடன் திரையில் கோடு போட்டே விளக்கிவிடுவார். சுருக்கத்தில் இதையெல்லாம்தான் முதலில் வெட்டி எறிந்திருக்கிறார்கள். அதாவது, ரைஸ் வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் குப்பை என்று தள்ளிவிட்டு, பந்து பறப்பதை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழியும் கண்டுபிடித்தேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, பந்து எடுபடுவதற்கு முன்னால் கார்னர்பேக் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். 1986இல் நெருங்கி நிற்பவர்கள் 1989இல் ஏழெட்டு யார்டு பின்னால் போய்விடுகிறார்கள். மூன்று வருஷத்தில் அந்த இடைவெளி எப்படி வளர்ந்தது என்பதே ஒரு கதை.

சூப்பர் பௌல்கள், அதாவது சீசனின் இறுதி ஆட்டங்கள். ரைஸ் ஆடிய நாலும் இருக்கின்றன, நாலிலும் முழு ஒளிபரப்பு. 23ஆவது சூப்பர் பௌல், ஜனவரி 1989, மயாமி, எதிரணி சின்சினாட்டி பெங்கால்ஸ். அந்த வாரம் கணுக்காலில் அடி. 11 பந்து, 215 யார்டு, எம்விபி. ஒரு இடத்தை மட்டும் நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. ஆட்டத்தின் நாலாவது கால்பகுதி ஆரம்பம், முந்தின எறிதலில் எண்ட் சோனுக்குள் கைக்கு வந்த பந்தை பெங்கால்ஸ் கார்னர்பேக் லூயிஸ் பில்லப்ஸ் நழுவ விட்டுவிட்டார், அதைப் பிடித்திருந்தால் கதையே வேறு. அடுத்ததே ரைஸ். ஓரக்கோட்டை ஒட்டிப் பிடிக்கிறார், உடம்பு வெளியே போய்க்கொண்டிருக்கிறது, கோட்டுக்கு இந்தப் பக்கமே தரை முடிந்துவிடும் என்று தெரிந்ததும் பந்தை வைத்திருக்கும் கையை மட்டும் நீட்டி மூலைக் கம்பத்துக்கு மேலாக உள்ளே கொண்டுபோகிறார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் கால் காற்றில் இருக்கிறது, தோள் மைதானத்துக்கு வெளியே, பந்து மட்டும் உள்ளே. 13-13.

கடைசி 92 யார்டு பயணம் எல்லோருக்கும் தெரிந்தது. மூணே சொச்சம் நிமிஷம், பின்தங்கிய ஸ்கோர். அதில் ரைஸ் பிடித்தது மூன்று, 51 யார்டு. ஒரு தப்பாட்டத்தால் பின்னுக்குத் தள்ளப்பட்டு 20 யார்டு தேவை என்று நிற்கும்போது 27 யார்டு எடுத்தாரே, அது. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. ஜெயித்த டச்டவுனில் ரைஸ் பந்தைத் தொடவே இல்லை. பந்து எடுபடுமுன் அவர் குறுக்கே நகர்கிறார், எதிரணியின் கண்ணெல்லாம் அவரோடு நகர்கிறது, மொன்டானா நடுவில் ஜான் டெய்லருக்கு எறிகிறார், 34 விநாடி மிச்சம், 20-16. பந்து எடுபடுமுன் நடந்து போவதால் கேமராவுக்கு அவரைக் காட்டாமல் வேறு வழியில்லை. அதிசயமாக, டிவி காட்டிய அசல் ரிசீவர் வேலை அது ஒன்றுதான்.

அடுத்த வருஷம் டென்வரை 55-10 என்று அடித்த சூப்பர் பௌலில் ரைஸுக்கு மூன்று டச்டவுன். ஆட்டம் ஒருபக்கமாக இருக்கும், சுவாரஸ்யம் கம்மி, வேகமாக ஓட்டிப் பார்க்கலாம். 1995 ஜனவரியில் சான் டியாகோவோடு நடந்தது வேறு மாதிரி. பந்து மூன்றாவது தடவை எடுபட்டபோதே 44 யார்டு, பின்னால் காவல் நிற்கும் ரெண்டு சேஃப்டிகளுக்கு நடுவில் புகுந்து போகிறார். மொன்டானாவுக்குப் பிறகு வந்த குவாட்டர்பேக் ஸ்டீவ் யங் எறிந்த பிறகு கேமரா திரும்பும்போது ரைஸ் ஏற்கெனவே ரெண்டு பேரையும் தாண்டிவிட்டார். நான் மேலே புலம்பியதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது. காய்ச்சலோடும், தோள்பட்டை விலகிய பிறகும் அதே ஆட்டத்தில் 10 பந்து, 149 யார்டு, மூன்று டச்டவுன்.

1994 சீசனின் முதல் திங்கள் இரவு ஆட்டம், ரெய்டர்ஸோடு, கட்டாயம். ஜிம் பிரௌனின் 126 டச்டவுன் சாதனையை 127ஆவதால் தாண்டிய இரவு. அதற்கடுத்த சீசனில் 122 பந்து, 1,848 யார்டு, 33 வயசில். அந்த வருஷம் டிசம்பரில் மினசோட்டாவோடு 289 யார்டு எடுத்தார். அதையும் பாருங்கள், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, பந்து போய்க்கொண்டே இருக்கிறது.

1997ஐப் பார்ப்பது கஷ்டம். ஆகஸ்ட் 31, சீசனின் முதல் ஆட்டம், டாம்பாவில் எதிரணியின் வாரன் சாப் முகக்கம்பியைப் பிடித்து இழுக்க முழங்கால் தசைநார் கிழிந்தது. அதுவரை அடிபட்டு ஒரு ஆட்டம் தவறவிடாத மனிதர். டிசம்பர் 15, மொன்டானாவின் 16ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் இரவு என்பதால் அவசரமாகத் திரும்பி வந்தார், டச்டவுன் பிடித்தார், விழுந்ததில் முழங்கால் சில்லு உடைந்தது. சேவையில் இந்த ஆட்டத்தின் கீழே "மறக்க முடியாத மறுவருகை" என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் ரெண்டாம் பாதியைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

1999 ஜனவரி, கிரீன் பேயோடு நடந்த பிளேஆஃப் ஆட்டமும் முழு வடிவில் பார்க்க வேண்டியது. அன்று ரைஸ் பிடித்தது ஒரே ஒரு பந்து, அதுவும் கைநழுவித் தரையில் உருண்டது, ஆனால் ஆள் ஏற்கெனவே கீழே விழுந்துவிட்டார் என்று நடுவர் சொல்லிவிட்டார். மறு ஒளிபரப்பில் நமக்கெல்லாம் தெரிகிறது, நடுவர் பார்க்க அப்போது விதி இல்லை. அந்தத் தயவில் அணி உயிர் பிழைத்தது, சக ரிசீவர் டெரல் ஓவன்ஸ் கடைசி விநாடிகளில் பிடித்து ஜெயிக்க வைத்தார். அந்த வருஷமே வீடியோ மறுபரிசீலனை திரும்ப வந்தது. அதே ஓவன்ஸ்தான் 2000 டிசம்பரில், சொந்த மைதானத்தில் ரைஸுக்கு விடை கொடுக்கும் ஆட்டத்தில், 20 பந்து பிடித்து அன்றைய சாதனையைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். மொத்த மைதானமும் 80ஐப் பார்க்க வந்திருக்கிறது, பந்தெல்லாம் 81க்குப் போகிறது. ரைஸ் ஓரத்தில் நின்று கை தட்டுகிறார். அந்தக் கைதட்டலை நாலு தடவை பார்த்தேன், எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

யார் வாங்கலாம்? இந்த ஆட்டத்தின் விதியே தெரியாதவர்கள் வேண்டாம், விளக்கம் எதுவும் இல்லை. டச்டவுன் மட்டும் போதும் என்பவர்களுக்கு இலவசமாகவே ஏராளமாகக் கிடைக்கிறது. தோல்விகளையும் நழுவிய பந்துகளையும் சேர்த்து ஒரு மனிதரை முழுசாகப் பார்க்கும் பொறுமை இருந்தால், மாதச் சந்தா போடுங்கள், ஆண்டுச் சந்தா வேண்டாம், கார்டு கணக்கை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றில் ஒன்று 1985க்கு.

எனக்கு இன்னும், ரைஸ் அணி மாறி ஓக்லாந்து ரெய்டர்ஸுக்குப் போன வருஷங்கள் கொஞ்சம் பாக்கி. 2002 முடித்துவிட்டேன், 40 வயசில் 92 பந்து, 1,211 யார்டு, இன்னொரு சூப்பர் பௌல், டாம்பாவிடம் தோல்வி என்றாலும் அதிலும் ஒரு டச்டவுன். 2004 செப்டம்பரில், 274 ஆட்டம் தொடர்ச்சியாக ஒரு பந்தாவது பிடித்த கணக்கு பஃபலோவோடு அறுந்துபோன ஆட்டம் அடுத்து இருக்கிறது. ஒரு பந்துகூடப் பிடிக்காத ஆட்டத்தில் கேமரா அவரை எத்தனை தடவை காட்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கப் போகிறேன். சந்தா 19ஆம் தேதி முடிகிறது, அதற்குள் பணமும் திரும்ப வந்தால் நல்லது.